ஜாமீன் கையெழுத்தும் இறக்கி வைக்க முடியாத பாரமும்

கேள்வி: அண்ணன் மகனின் தொழில் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அத்தை என்ற முறையில் மறுக்க முடியவில்லை. ஐந்து மாதமாக அவன் தவணை கட்டவில்லை, வங்கி நோட்டீஸ் எனக்கு வருகிறது. ஆலயத்தில் முழங்கால் போட்டுப் பாரத்தை இறக்கி வைக்கிறேன். வீட்டு வாசலை மிதிப்பதற்குள் திரும்பவும் தலையில் ஏறிவிடுகிறது. என் விசுவாசம்தான் குறைவா?
- பெயர் வெளியிட விரும்பாத சகோதரி, நாசரேத்

பதில்: குறைவு இல்லை, சகோதரி. நீங்கள் நம்பிப் பிடித்திருக்கும் வசனம் வேதாகமத்தில் 55-ஆம் சங்கீதத்தின் 22-ஆம் வசனமாகத்தான் இருக்கும்: "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு, அவர் உன்னை ஆதரிப்பார்." பாரம் அந்த நொடியே மறைந்துவிடும் என்று அதில் இல்லை, தாங்கப்படுவது நீங்கள். ஐந்து வசனம் முன்னே பாருங்கள்: "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும் நான் தியானம்பண்ணி முறையிடுவேன்." ஒரு நாளில் மூன்று வேளை! நெருங்கிய தோழனே துரோகம் செய்த வலியில் பாடியவருக்கும் ஒரே தடவையில் இறங்கவில்லை.

ஆனால் உங்கள் பாரத்தில் இரண்டு சுமைகள் கலந்திருக்கின்றன. அவன் திருந்துவானா, தொழில் நிமிருமா, அண்ணன் குடும்பத்தோடு உறவு முறியுமா என்பதெல்லாம் ஒன்று. அது உங்கள் கையில் இல்லை. அதைத்தான் வைத்துவிட வேண்டும். கையெழுத்து வேறு. ஜாமீனில் மாட்டிக்கொண்டவருக்கு நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரம் சொல்லும் ஆலோசனை, உங்களைத் தாழ்த்திக்கொண்டு போய் உங்கள் சிநேகிதனை வருந்திக் கேளுங்கள், அதுவரை கண்ணுக்குத் தூக்கம் வரவிடாதீர்கள் என்பது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் ஜெபத்தில் மட்டும் இறக்கினால் அது திரும்ப வந்து ஏறத்தான் செய்யும்.

யூதாவை ஆண்ட எசேக்கியா ராஜா, படையெடுத்து வந்த அசீரியரின் மிரட்டல் கடிதத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் விரித்து வைத்தார் (2 இராஜாக்கள் 19:14). ஊருக்கு வெளியே இருந்த ஊற்றுகளைத் தூர்த்ததும், இடிந்த மதிலைக் கட்டியதும் அவரேதான் (2 நாளாகமம் 32). நீங்களும் நோட்டீஸையே விரித்து வையுங்கள். "எல்லாப் பாரத்தையும் எடுத்துப்போடும்" என்று பொதுவாக ஜெபித்தால் மனம் எதை ஒப்படைத்தது என்று அதற்கே தெரியாது. பாக்கித் தொகை, கெடு தேதி, அவன் பெயர் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு ஒரு நோட்டில் நாளைக்கு நீங்கள் செய்யும் ஒரே ஒரு காரியத்தை எழுதி மூடுங்கள். இதைப் படுக்கையில் செய்யாதீர்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே, நாற்காலியில் உட்கார்ந்து, பத்து நிமிடம் போதும். நடுராத்திரியில் விழிப்பு வந்தால் கணக்கைத் திறக்க வேண்டாம், அந்த ஒரு வசனத்தை மட்டும் சொல்லுங்கள்.

நாளைய காரியம் என்ன? வங்கிக்குப் போய் ஜாமீன் பத்திரத்தின் நகலை எழுத்தில் கேளுங்கள். எவ்வளவு தொகைக்குப் பொறுப்பேற்றீர்கள் என்பது அதில்தான் இருக்கும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி, பத்திரத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால், கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு உங்களுக்கும் உண்டு. "முதலில் அவனிடம் கேளுங்கள்" என்பது பொதுவாக எடுபடாது. தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன் கணக்கு. ஆகவே மௌனமாக இருக்காமல் அவனையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போய் மேலாளரிடம் தவணை மாற்றமோ ஒரே தவணைத் தீர்வோ பேசுங்கள். நீங்கள் ஏதாவது கட்டினால் உங்கள் பெயரில் ரசீது வாங்குங்கள். 145-ஆவது பிரிவு அதை அவனிடம் திரும்பக் கேட்கும் உரிமையைத் தருகிறது. இதை அடைக்க வட்டிக்கு வாங்காதீர்கள். கடன் தீர "விதைக் காணிக்கை" போடச் சொல்லி யாராவது வந்தால், அந்தப் பணத்தையும் வங்கியிலேயே கட்டுங்கள்.

சபையில் ரகசியம் காக்கும் ஒருவரிடம், ஆயரம்மாவிடமோ பெண்கள் ஐக்கியத்தில் மூத்தவரிடமோ, முழுத் தொகையையும் சொல்லிவிடுங்கள். "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று கலாத்தியர் 6:2 சொல்வது பண உதவியை மட்டுமல்ல, வங்கிக்குத் துணையாக வருவதும் அதில் சேரும். தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். அண்ணனிடம் பேசும்போது மட்டும் நோட்டீஸைக் கையோடு கொண்டு போங்கள். வாய்ச்சொல்லாகப் போனால் பேச்சு பழைய குடும்பக் கணக்குகளுக்குத் திரும்பிவிடும்.