கனித்தட்டை அம்மா வைக்கலாமா? வாசகர் கேள்வி, பதில்

இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல சித்திரை ஒண்ணாந்தேதி பத்தித்தான். ஒரே மாதிரி கேட்டிருந்தத சேர்த்துட்டேன், ஒண்ணுக்கு மட்டும் பதில் கொஞ்சம் நீளமா போயிடுச்சு.

நான் தஞ்சாவூர் பக்கம் பிறந்தவ, பொள்ளாச்சிக்கு வாக்கப்பட்டு வந்து இது முதல் சித்திரை. எங்க ஊர்ல வருஷப்பிறப்புன்னா கோலம், மாங்காய் பச்சடி, வடை பாயசம், கோயில்ல பஞ்சாங்கம் வாசிப்பாங்க அவ்ளோதான். இங்க சித்திரைக்கனின்னு சொல்றாங்க, அத்தை இந்த தடவ நீயே வையிம்மான்னு சொல்லிட்டாங்க, என்னென்ன வைக்கணும்னு கேக்க கூச்சமா இருக்கு. ஒரு பொருள் விட்டுப்போனாலும் வருஷம் முழுக்க வீட்டுக்கு ஆகாதுன்னு பக்கத்து வீட்டு அக்கா வேற சொல்றாங்க.

பயப்படாத கண்ணு. முந்தின நாள் ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு பாத்திரம் எல்லாம் கழுவி கவுத்தின பிறகு சாமி ரூம்ல ஒரு பெரிய தாம்பாளம் வையி, அதுக்கு பின்னாடி ஒரு கண்ணாடி. தாம்பாளத்துல மா, பலா, வாழை முக்கனியும், கூட எலுமிச்சை, வெள்ளரி, வெத்தலை பாக்கு, மஞ்சள் குங்குமம், ஒரு படி அரிசி, கல்லுப்பு, வீட்டுல இருக்கற நகை கொஞ்சம், ரூபா நோட்டு சில்லறை. சரக்கொன்றைப்பூ மறக்காத, மஞ்சளா சரம் சரமா தொங்குமே அதான், இந்த சீசன்லதான் பூக்கும். பாலக்காடு பக்கத்துலயே இருக்கறதால கேரளாக்காரங்க விஷுக்கனியும் நம்ம கனியும் கிட்டத்தட்ட ஒண்ணுபோலவே இருக்கும், நாகர்கோவில் பக்கமும் கனி காணுறது உண்டு. விடிகாலைல முதல்ல எந்திரிக்கறவங்க விளக்கேத்திட்டு மத்தவங்கள ஒவ்வொருத்தரா கண்ண பொத்தி கூட்டிட்டு வந்து கனி முன்னாடி நிறுத்தி கைய எடுப்பாங்க.

பழத்துக்கும் பூவுக்கும் நடுவுல அந்த கண்ணாடில நம்ம மூஞ்சியும் தெரியும் பாரு, எனக்கு கனில ரொம்ப பிடிச்சதே அதுதான், அந்த தட்டுல நம்ம முகமும் ஒரு மங்கலப் பொருள். மத்தபடி பொருள் விட்டுப்போனா ஒண்ணும் ஆகாது. ஒரு வருஷம் எங்களுக்கு பலாவே கெடைக்கல, ரெண்டு கனிதான் வச்சோம், அந்த வருஷந்தான் என் தம்பிக்கு வேலை கெடச்சுது. அத்தைகிட்ட கூச்சப்படாம கேளு, அவங்க கையால பண்ணிட்டு இருந்தத உன்கிட்ட குடுத்திருக்காங்கன்னா உன்னை வீட்டுப்பொண்ணா நினைச்சுத்தான் குடுத்திருக்காங்க.

அப்பா போன வருஷம் தை மாசம் தவறிட்டாரு, வருஷ திதியும் குடுத்து முடிச்சாச்சு. எங்க வீட்டுல எப்பவும் அம்மாதான் கனி வைப்பாங்க. இப்ப பெரியப்பா வீட்டுல, உங்கம்மா இனிமே கனித்தட்ட தொடக்கூடாது, காலைல அவங்க முகத்துல முழிக்கக்கூடாது, உங்கண்ணிய வைக்கச்சொல்லுன்னு சொல்றாங்க. அம்மாவும் சரி, அவங்க சொல்றபடியே நடக்கட்டும்னுட்டாங்க. எனக்கு மனசே ஆறல. என்ன பண்ணட்டும்? (ஈரோட்டில் இருந்து ஒரு இளைய மகன்)

தம்பி, உங்க லெட்டர நாலு தடவ படிச்சேன். எங்க அமுச்சியோட, அதான் அம்மாவோட அம்மா, அவங்க தங்கச்சிக்கு 22 வயசுல வீட்டுக்காரர் போயிட்டார், அதுல இருந்து அமுச்சி வீட்லயேதான் இருந்தாங்க, சின்ன அமுச்சின்னு கூப்பிடுவோம். சித்திரைக்கு முன்னாடி சந்தைக்கு போயி ஒவ்வொரு பழமா அமுக்கி பாத்து வாங்குறது அவங்க, தாம்பாளத்த புளி போட்டு வெளக்குறது அவங்க, கொன்றைப்பூவ ஈரத்துணில சுத்தி வாடாம வைக்கிறது அவங்க, எல்லாத்தையும் அடுக்கி முடிச்சுட்டு ராத்திரியே பின்கட்டுக்கு போயிடுவாங்க, நாங்க எல்லாம் கனி பாத்து பெரியவங்க கால்ல விழுந்து காசு வாங்கி பச்சடி சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இந்தப்பக்கமே வரமாட்டாங்க. எனக்கு ஒம்போது வயசு இருக்கும், கனி பாத்த கையோட பின்னாடி ஓடி, நீங்க கண்ணாடி பாக்கலியான்னு கேட்டேன். அடுக்கும்போதே பாத்துட்டேன் சாமின்னாங்க.

அவங்க அடுக்குன பழம் ஆகும், அவங்க முகம் ஆகாதா? அத அன்னைக்கு வீட்டுல ஒருத்தர்கூட கேக்கல. எனக்கு விவரம் தெரிஞ்ச பிறகும் நானும் கேக்கல, அவங்க போயி இத்தன வருஷம் ஆகியும் சித்திரை வந்தா எனக்கு அதுதான் நெஞ்ச அடைக்குது. நீங்க என்னை மாதிரி விட்டுடாதீங்க. உங்கம்மா முகத்துலதான் நீங்க பொறந்ததுல இருந்து முழிச்சிருக்கீங்க, அதுல கெட்டதுன்னு ஒண்ணு இருக்கவே முடியாது.

பெரியப்பாகிட்ட அம்மா முன்னாடி வச்சு சண்டை போடாதீங்க, அது அவங்களுக்குத்தான் இன்னும் வலிக்கும். முதல்ல அம்மாகூட தனியா உக்காந்து பேசுங்க. அவங்க சரின்னு சொன்னது அப்பா இல்லாத துக்கத்துல மனசு ஒப்பாமலா, இல்ல ஊரு பேசுமேங்கிற பயத்துலயான்னு கேளுங்க. துக்கம்னா இந்த வருஷம் கட்டாயப்படுத்த வேண்டாம், பக்கத்துல உக்காந்துக்கட்டும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம். பயம்னா, நீ வச்சாத்தான்மா எனக்கு அது கனின்னு சொல்லிடுங்க. அண்ணியையும் கூட சேர்த்துக்கோங்க, ரெண்டு பேரும் சேர்ந்து அடுக்கட்டும். காலைல உங்க கண்ண பொத்தி கூட்டிட்டு போறது அம்மாவா இருக்கட்டும், முதல் காசும் அவங்க கையாலயே வாங்குங்க. அப்புறம் பெரியப்பா வீட்டுக்கு போயி அவர் கால்லயும் விழுந்துட்டு வாங்க.

நாங்கள் யாழ்ப்பாணம், இப்ப டொராண்டோவில இருக்கிறம். ஊரில இருக்கேக்க அம்மம்மா கோயில்ல மருத்துநீர் (மூலிகை போட்டுக் காய்ச்சின தண்ணி) வாங்கிவந்து தலையில வச்சு முழுக வைப்பா. இப்ப என்ர பிள்ளையளுக்கும் செய்ய ஆசையா இருக்கு. ஊர் நேரம் பாத்து முழுகிறதோ இங்கத்த நேரமோ? மருத்துநீர் கிடைக்காட்டி என்ன செய்யிறது?

சூரியன் மேஷ ராசிக்குள்ள போற நேரந்தான் வருஷம் பிறக்கிற நேரம், அது உலகத்துக்கெல்லாம் ஒண்ணுதான் தங்கச்சி, அதனால பஞ்சாங்கத்துல போட்டிருக்கற நேரத்த உங்க ஊர் நேரத்துக்கு மாத்திக்கணும். ஏப்ரல்ல யாழ்ப்பாணத்த விட டொராண்டோ ஒன்பதரை மணி நேரம் பின்னால, அதனால உங்களுக்கு வருஷம் முந்தின நாளே பிறந்திடலாம், திகைக்காதீங்க. பிறக்கிற நேரத்துக்கு முன்ன 4 மணி, பின்ன 4 மணி, அந்த 8 மணி நேரமும் புண்ணிய காலம், அதுக்குள்ள முழுகினா போதும். வாக்கிய பஞ்சாங்கத்துல ஒரு நேரமும் திருக்கணிதத்துல ஒரு நேரமும் போட்டிருப்பாங்க, உங்கம்மம்மா எத பாத்தாங்களோ அதையே பாருங்க.

மருத்துநீர முதல்ல உங்க பக்கத்து கோயில்ல கேட்டுப் பாருங்க. கிடைக்கலேன்னா என் யாழ்ப்பாணத்து தோழி வெளிநாட்டுல செய்யறத சொல்றேன். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, வில்வம், அறுகு எல்லாம் அவளுக்கும் அங்க கிடைக்காது, துளசி, மஞ்சள், சுக்கு, மிளகு, கொஞ்சம் பால், இத தண்ணில போட்டு காய்ச்சி ஆறவச்சுக்குவா. சின்னப் பிள்ளைங்களுக்கு உச்சில மட்டும் தொட்டு வைங்க, மிளகு கண்ணுல பட்டா எரியும். முழுகி புதுசு உடுத்தின பிறகு கைவிசேஷம், அதான் பெரியவங்க கையால குடுக்கற காசு, குடுங்க, அம்மம்மா கதையும் சொல்லிக்கிட்டே குடுங்க.

வருஷப்பிறப்பு தையா சித்திரையா, வீட்டுல தினம் சண்டை.

2008ல தை ஒண்ணுதான் தமிழ்ப் புத்தாண்டுன்னு தமிழக அரசு சட்டம் போட்டுச்சு, 2011ல அடுத்து வந்த அரசு அத ரத்து பண்ணிடுச்சு. எங்க வீட்டுல தைக்கு பொங்கல், சித்திரைக்கு கனி. ரெண்டு நாளும் நல்ல நாள்தான், சண்டைய விடுங்க.

முதல் நாள் அழுதா வருஷம் பூரா அழுகைதான்னு சொல்லி எங்க மாமியார் என் மூணு வயசு பையன் அழுதாலே பதறிப்போறாங்க, என்னை திட்டுறாங்க. இது உண்மையா?

உண்மையில்லம்மா. அப்படி இருந்தா முதல் நாளே மாங்காய் பச்சடில வேப்பம்பூவ எதுக்கு போட்டு வச்சாங்க? இனிப்பு, புளிப்பு, காரம், உப்போட கசப்பும் வேணும்னுதானே. உங்க மாமியார்கிட்ட இதையே சொல்லுங்க, அவங்களுக்கு புரியும், பேரன் மேல இருக்கற ஆசைலதான் பதறுறாங்க. குழந்தை அழறது பெரும்பாலும் தூக்கம் கெட்டதால, அஞ்சு மணிக்கு எழுப்பாதீங்க, அவன் எப்ப முழிக்கிறானோ அப்ப கனி காட்டுங்க.

பச்சடி பண்ணும்போது மாங்காய வேகவச்சு வெல்லம் கரைச்சு ஊத்தி, கடுகு மிளகாய் தாளிச்சிட்டு, வேப்பம்பூவ தனியா நெய்ல கருகாம வறுத்து கடைசியா மேல தூவுங்க, கொதிக்கவிட்டா மொத்தமும் கசந்துடும். பையனுக்கு பூ இல்லாத பக்கமா ஒரு ஸ்பூன் எடுத்து குடுங்க, கூடவே ஒரே ஒரு பூ.