ஸ்கீ மலையடிவாரத்தில் குடும்பம் நடத்தும் விடுதியில் தங்கலாமா?

"பிப்ரவரியில் டோக்கியோவிலிருந்து நோசவா ஓன்சென் போகிறோம். நான், மனைவி, எட்டு வயதுப் பையன். யாருக்கும் பனிச்சறுக்கு தெரியாது. மனைவி சுத்த சைவம். வீட்டுக்காரர்களே நடத்தும் சின்ன விடுதியில் தங்கலாமா, பெரிய ஹோட்டல் பார்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சின்ன விடுதியில் தங்குங்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் மனைவியின் சாப்பாட்டு விஷயத்தைப் பேசி முடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் போன பிறகு பழகிவிடும், அது மட்டும் பழகாது.

நான் டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். குளிர்காலத்தில் லீவு கிடைத்தால் நோசவா இருக்கும் நாகானோ மாகாணப் பக்கம் ஓடிவிடுவது வழக்கம். நயேபா மாதிரி, ஆயிரத்துக்கு மேல் அறைகள் கொண்ட ஹோட்டல் சரிவின் வாசலிலேயே நிற்கும் இடங்களும் ஜப்பானில் உண்டு. அங்கே லிஃப்டில் இறங்கி வந்து பனியில் கால் வைக்கலாம், வசதிதான். ஆனால் நோசவா முதலில் வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஒரு கிராமம், அப்புறம்தான் ஸ்கீ மலை. மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். தெருக்கள் குறுகல், ஏற்ற இறக்கம். சாக்கடை மூடிகளின் இடுக்கிலிருந்துகூட வெந்நீர் ஆவி வரும். அந்த ஊருக்குப் போய் ஊரை விட்டுத் தள்ளித் தங்கினால் பாதிச் சுகம் போய்விடும்.

இங்கே ஸ்கீ நேற்று வந்த வியாபாரம் இல்லை. 1923லேயே ஊரில் ஸ்கீ கிளப் தொடங்கிவிட்டார்கள். ஆஸ்திரியாவின் ஸ்கீ ஆசிரியர் ஹன்னெஸ் ஷ்னைடர் 1930ல் ஜப்பான் வந்தபோது இங்கேயும் வந்து கற்றுக்கொடுத்தார். அவர் பெயரில் ஒரு செங்குத்தான சரிவு இன்றும் இருக்கிறது (நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்). 1998 நாகானோ ஒலிம்பிக்கின் பயத்லான் (ஸ்கீயும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்தது) போட்டிகள் இந்த ஊரில்தான் நடந்தன. குளிர்காலத்தில் வயல் பனிக்கடியில் போய்விட்டால் விவசாயக் குடும்பத்துக்கு வேறென்ன வருமானம்? ஸ்கீ ஆட வந்தவர்களுக்கு வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டார்கள். இப்படி வளர்ந்ததுதான் மின்ஷுகு எனப்படும் வீட்டு விடுதி. ரியோகான் என்ற பாரம்பரிய விடுதி அதைவிடக் கொஞ்சம் முறையானது, விலையும் கூட. நீங்கள் தேட வேண்டியது மின்ஷுகு.

சாப்பாட்டுக்கு வருகிறேன்.

வழக்கமான வாடகையில் ஓர் இரவும் இரண்டு வேளைச் சாப்பாடும் சேர்ந்தே இருக்கும். இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கு, மிஞ்சினால் ஆறரைக்கு. நம் ஆட்கள் ஒன்பது மணிக்குத் தோசை ஊற்றுகிறவர்கள், அதனால் முதல் நாள் சிரிப்பாக இருக்கும். ஆனால் பகல் முழுவதும் பனியில் விழுந்து எழுந்தால் ஐந்தரைக்கே வயிறு கத்த ஆரம்பித்துவிடும். நான் தங்கிய வீட்டில் கூடத்தில் தாழ்வான மேசைகள் போட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டம் தயாராக இருந்தது. ஆற்று மீன் ஒன்று உப்பில் சுட்டது, காளானும் முட்டைக்கோசும் போட்டுச் சின்ன அடுப்பில் கொதிக்கும் சட்டி, மலைக்கீரை, மிசோ சூப், கிண்ணத்தில் ஊறுகாய். சோறு மட்டும் பெரிய மரத்தொட்டியில், வேண்டிய அளவு நாமே போட்டுக்கொள்ளலாம். இந்த வட்டாரத்து அரிசிக்கு நல்ல பெயர் உண்டு. வெறும் சோற்றையும் ஊறுகாயையும் வைத்தே இரண்டு கிண்ணம் சாப்பிடலாம்.

அந்த ஊறுகாய் நோசவானா என்ற கீரையில் போடுவது, ஊர்ப் பெயரே அதற்கு. முள்ளங்கி இலை மாதிரி நீளமாக வளரும். இலையுதிர் காலக் கடைசியில் ஊர்ப் பெண்கள் பொதுக் குளியல் தொட்டிகளின் வெந்நீரில் அதை அலசி, உப்புப் போட்டு மரத்தொட்டியில் அழுத்தி வைப்பார்கள். டிசம்பரில் பச்சையாக, மொறுமொறுவென்று இருப்பது மார்ச்சுக்குள் பழுப்பேறிப் புளித்துவிடும். பிப்ரவரியில் நடுவாந்தரமாக இருக்கும், எனக்குப் பிடித்த பருவம் அதுதான். அந்த வீட்டுப் பாட்டி, விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஈரம் சொட்ட ஒரு கட்டு ஊறுகாய்க் கீரையை எடுத்து வந்து, பலகையில் வைத்து விரல் நீளத்துக்கு நறுக்கி, கேட்காமலேயே கிண்ணத்தை நிரப்பிவிட்டுப் போவார். போதும் என்று கையைக் குறுக்கே வைத்தாலும் கேட்க மாட்டார்.

இனி உங்கள் மனைவியின் பாடு. மேலே சொன்ன சாப்பாட்டில் மீனை ஒதுக்கிவிட்டால் மீதி சைவம் என்று நினைக்கக் கூடாது. மிசோ சூப், வேகவைத்த காய்கறி, சட்டியின் குழம்பு, சோபா என்ற நூடுல்ஸைத் தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றுக்கும் அடியில் மீன் சாறு இருக்கும். காய்ந்த கட்சுவோ மீனைச் சீவல் சீவலாகச் சீவியோ குட்டிக் கருவாட்டைப் போட்டோ எடுக்கும் சாறு அது. 'நான் சைவம்' என்று மட்டும் சொன்னால் இறைச்சியையும் மீன் துண்டையும் எடுத்துவிட்டு அதே சாற்றில் காய்கறியை வேகவைத்துத் தருவார்கள். வஞ்சகம் எதுவும் கிடையாது, அவர்கள் கணக்கில் அது சைவம்தான். அதனால் முன்பதிவு செய்யும்போதே ஜப்பானிய மொழியில் எழுதிக் கேளுங்கள்: மீன், இறைச்சி, கோழி வேண்டாம், மீனில் எடுத்த சாறும் வேண்டாம், கொம்பு என்ற கடல்பாசிச் சாறு பரவாயில்லை, பால், முட்டை சாப்பிடுவாரா மாட்டாரா. நாலு வரி போதும்.

சில வீடுகள் முடியாது என்று பணிவாகச் சொல்லிவிடும். சமைப்பவர் ஒருவர், அடுப்படி ஒன்று, அவர்களையும் குறை சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் காலைச் சாப்பாடு மட்டும், அல்லது சாப்பாடே இல்லாத வாடகை இருக்கிறதா என்று கேளுங்கள், பல இடங்களில் உண்டு. அறையில் வெந்நீர் கெட்டில் அநேகமாக இருக்கும். நம் ஊர்ப் பெண்கள் இருவர் போனபோது அவலும் உடனடி உப்புமா பொட்டலமும் கொண்டுபோய்ச் சமாளித்தார்கள். ஒன்று மட்டும் வேண்டாம். கையோடு கொண்டுபோகும் மின் அடுப்பில் தாளிக்காதீர்கள். நடுவில் இருப்பது காகிதக் கதவு, வாசனை வீடு முழுக்கப் பரவும், அறை வாடகைக்கு விட்டவர் முகம் மாறிவிடும்.

அடுத்தது குளியல். ஊரில் 13 பொதுக் குளியல் வீடுகள் இருக்கின்றன. அவற்றை ஊர்க்காரர்களே முறை வைத்துக் கழுவிப் பராமரிக்கிறார்கள். கட்டணம் கிடையாது, வாசலில் ஒரு காணிக்கைப் பெட்டி இருக்கும், அதில் ஏதாவது போடுவதுதான் மரியாதை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. உள்ளே உடை இல்லாமல்தான், துண்டைக்கூடத் தண்ணீருக்குள் கொண்டுபோகக் கூடாது. வெளியே உட்கார்ந்து உடம்பைக் கழுவிவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும். கூச்சம் எல்லோருக்கும் இருக்கும். நடு ஊரில் ஓயு என்று பழைய கோயில் கோபுரம்போல் மரத்தில் கட்டிய குளியல் வீடு இருக்கிறது. அங்கே முதல் முறை போனபோது, உள்ளே இருந்த நாலு கிழவர்களில் ஒருவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்குள் தண்ணீரில் கால் வைத்துவிட்டேன், கூச்சமெல்லாம் அப்போதே மறந்துபோயிற்று. அவ்வளவு சூடு! பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறக்க ஆசை வரும். உள்ளே ஆள் இருந்தால் கேட்டுவிட்டுத் திறங்கள், ஊர்க்காரர்களுக்கு ஆறிய தண்ணீர் பிடிக்காது.

உங்கள் பையனுக்கு இந்தச் சூடு ஆகாது. அதற்கும் சின்ன விடுதிதான் நல்லது. வீட்டுக்குள்ளேயே சின்னக் குளியல் அறை இருக்கும், தண்ணீரும் பக்குவமான சூட்டில். சில வீடுகளில் ஆள் இல்லாத நேரத்தில் உள்ளே தாழிட்டுக்கொண்டு குடும்பமாகக் குளிக்க விடுவார்கள். கூச்சப்படுகிறவர்களுக்கு இதைவிட வேறு வழி வேண்டாம். முன்பதிவின்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் மேட்டில் ஓகாமா என்ற ஊற்றுக் குளங்கள் உண்டு. கிட்டத்தட்ட 90 டிகிரி. ஊர்க்காரர்கள் கூடையில் கீரையும் முட்டையும் கொண்டுவந்து அதில் வேகவைத்துக்கொண்டு போவார்கள். நாம் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம், உள்ளே போகக் கூடாது. பையன் கையை விடாதீர்கள்.

பெரிய ஹோட்டலில் கிடைக்காத இன்னொன்று, அந்த வீட்டுக்காரர்களுக்கு மலை தெரியும் என்பது. நான் தங்கிய வீட்டு ஐயா குளிர்காலக் காலைகளில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவர். நாலு மணிக்கே கிளம்பிப் போய், நாங்கள் காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் திரும்பி வருவார். இன்றைக்கு மேலே காற்று, கொண்டோலா (மலை ஏற்றும் கம்பிவடப் பெட்டி) நிற்கலாம், கீழேயே ஆடுங்கள் என்று அவர் சொன்னால் அப்படியே நடக்கும். இரவில் ஈரமான பூட்ஸை உலர்த்தும் அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். சூடான காற்றும் வியர்வை நாற்றமும் அடிக்கும் சின்ன அறை அது. காலையில் பார்த்தால் வீட்டு ஐயா பூட்ஸின் உள்ளுறையை வெளியே இழுத்து, நாக்கை விரித்து, சூடான காற்று வரும் குழாயின் வாயில் கவிழ்த்து வைத்திருந்தார். என்னுடையது மட்டும் இல்லை, அங்கே இருந்த எல்லாருடையதும் அப்படித்தான். உலர்ந்த பூட்ஸில் கால் நுழைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்கு இரண்டாம் நாள் காலையில் தெரியும்.

குறைகளும் உண்டு. அறைக்குள் மண்ணெண்ணெய் ஹீட்டர் இருக்கும், தூங்கும்போது அணைக்கச் சொல்வார்கள். நடைபாதையில் மூச்சு விட்டால் புகை வரும். கழிப்பறை பெரும்பாலும் பொதுவானது, அதற்குள் போட வேறு செருப்பு இருக்கும், அதையே போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடாதீர்கள். படுக்கையை நாமே விரித்து நாமே மடிக்க வேண்டியிருக்கலாம். சுவர் மெலிது, பக்கத்து அறைக் குறட்டை கேட்கும். மாலை மூன்றுக்குத்தான் அறை, காலை பத்துக்குக் காலி செய்ய வேண்டும். பல வீடுகள் ரொக்கம் மட்டுமே வாங்கும். வாடகை போக வெந்நீர் வரி என்று ஆளுக்கு ஒரு சின்னத் தொகை தனியாகக் கேட்பார்கள், ஏமாற்று வேலை இல்லை.

இடம் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று பாருங்கள். சரிவு ஊரின் மேல் விளிம்பில் இருக்கிறது. வரைபடத்தில் பத்து நிமிட நடை என்று காட்டுவது ஸ்கீ பூட்ஸோடு பனித் தெருவில் ஏறும்போது இருபது ஆகும், பையனுடையதையும் நீங்கள்தான் சுமப்பீர்கள். ஊரிலிருந்து ஹிகாகே சரிவடிவாரத்துக்கு நகரும் நடைபாதை ஒன்று போட்டிருக்கிறார்கள். அதன் கீழ்முனைக்குப் பக்கத்தில் தங்கினால் கஷ்டம் பாதியாகும். தொடக்கநிலையாளர்களின் சரிவும் அங்கேதான், குழந்தைகளுக்கான வகுப்பும் அந்தப் பக்கம் கிடைக்கும். பையனை முதல் நாளே வகுப்பில் விடுங்கள். அப்பா கற்றுக்கொடுத்து ஸ்கீ கற்ற பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை, அழுத பிள்ளைகளைத்தான் பார்த்திருக்கிறேன்.

டோக்கியோவிலிருந்து ஹொக்குரிக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் இயாமா நிலையம் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. ககயாகி ரயில் அங்கே நிற்காது, ஹகுதகா பார்த்து ஏறுங்கள். அங்கிருந்து ஊருக்கு நேர் பஸ், 25 நிமிடம். பெட்டிகளைச் சுமக்க வேண்டாம். யமாடோ என்ற கூரியர் நிறுவனத்தின் ஸ்கீ தக்யூபின் சேவை 1983லிருந்து இருக்கிறது. இரண்டு நாள் முன்னதாக வீட்டுப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டால் விடுதி வாசலில் போய் நிற்கும். சின்ன விடுதிக்காரர்களுக்கு இது தினசரி வேலை, உங்கள் பெயர் எழுதிய பெட்டியை வாங்கி வைத்துவிடுவார்கள்.

ஜனவரி 15 இரவு ஊரில் தீத் திருவிழா. ஊருக்குள் மரத்தில் ஒரு பெரிய கோபுரம் கட்டி, 42 வயது ஆண்கள் உச்சியில் உட்கார, 25 வயதுக்காரர்கள் அடியில் நின்று காக்க, மற்றவர்கள் தீப்பந்தத்தோடு பாய்வார்கள். அந்த வாரம் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. நீங்கள் பிப்ரவரியில் போவதால் அந்த நெரிசல் இல்லை. ஆனால் பிப்ரவரி 11 ஜப்பானில் பொது விடுமுறை, அது வார இறுதியோடு சேர்ந்து வந்தால் அந்த நாட்களை விட்டுவிட்டு வார நாட்களில் பதிவு செய்யுங்கள். சமையல் பற்றிய அந்த நாலு வரியைக் கேள்விப் பகுதியில் இன்னொரு பதிலாகப் போட்டால் ஜப்பானிய மொழியில் நானே எழுதித் தருகிறேன். பால், முட்டை சாப்பிடுவாரா என்று மட்டும் சொல்லுங்கள்.