தேடினால் கிடைக்கவில்லையே!

கேள்வி: ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைத்திருக்கும் 'நூலகம்' இணையதளத்தில் யாழ்ப்பாண வரலாறு பற்றிய பழைய கட்டுரைகள் கொஞ்சம்தான் சிக்குகின்றன. நான் தேடுவதில் தப்பா? (வாசகி, திருச்சி)

பதில்: வார்த்தையில்தான் தப்பு. நாம் 'வரலாறு' என்கிறோம், நூறு வருடத்துக்கு முன் எழுதியவர்கள் பெரும்பாலும் 'சரித்திரம்' என்றார்கள், அதையும் போட்டுப் பாருங்கள். அப்புறம் நம் ஒற்று இருக்கிறதே, அது பெரிய தொல்லை: 'யாழ்ப்பாணச்' என்று இருப்பது 'யாழ்ப்பாண' என்று தேடினால் சிக்காமல் போகலாம், ஆக ஒற்றோடும் இல்லாமலும் தேடுங்கள். அங்குள்ளவை பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்கள், உள்ளே இருக்கும் வரியைத் தேடினால் பல சமயம் சிக்காது. ஆனால் பல இதழ்களின் உள்ளடக்கத்தைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள்! எனவே கட்டுரைத் தலைப்பில் வரக்கூடிய சொல்லைப் போடுங்கள்.