வேலையை விட்டுவிட்டு யோசிக்கலாமா?

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 23. காங்கயம் பக்கம் கிராமம். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டுத் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் உதவி மெர்ச்சண்டைசராக ஒரு வருடமாக இருக்கிறேன். உடன் படித்தவர்கள் பெங்களூருவில் இருக்கிறார்கள். அப்பா வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார். எதிலும் மனம் ஒட்டவில்லை. எதற்காக வாழ்கிறேன் என்றே தெரியாமல் வயது போகிறது. வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் யோசிக்கலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

விட வேண்டாம். ஆறு மாதம் வீட்டிலிருந்தால் யோசனை நடக்காது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "பையன் என்ன செய்கிறான்?" என்பார்கள்; அதற்குப் பதில் தேடுவதிலேயே பொழுது போய்விடும். நம் பக்கத்தில் ஜாதகம் வெளியே போகும் வயது வந்ததும் தோட்டம் எத்தனை ஏக்கர், சம்பளம் எவ்வளவு என்ற கணக்கு தொடங்கிவிடுகிறது. உங்கள் தவிப்பில் பாதி அந்தக் கணக்கிலிருந்து வந்தது என்றே எனக்குப் படுகிறது. அதைப் பிறவிப்பயன் பற்றிய கேள்வியாக்கித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். கோவை பக்கம் கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டார். கோவையில் ஹோட்டல் சர்வராக இருந்து பணம் சேர்த்து அதை வாங்கினார். பிரித்துப் பார்த்து மறுபடி பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் விட்டார். அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் மின் மோட்டார் 1937இல்தான் வந்தது. அப்போது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. இருபதுகளில் அவரிடம் இருந்தது ஒரு பொருளின் மேல் வந்த ஆசை மட்டும்தான். (மேதைகளை உதாரணம் காட்டுவது எனக்கே பிடிக்காது. சர்வராகவே நின்றுபோனவர்களின் வரலாற்றை யாரும் எழுதுவதில்லை.)

உங்கள் கையில் இருக்கும் பொருள் ஒரு டி-ஷர்ட். மெயில் அனுப்புவதும் ஷிப்மென்ட் தேதியைத் துரத்துவதும் மட்டும்தான் வேலை என்றால் எனக்கும் சலிக்கும். துவைத்த துணி ஏன் நீளத்தில் சுருங்குகிறது? நிட்டிங்கில் லூப்பின் நீளத்தை மாற்றினால் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) ஏன் மாறுகிறது? ஒரே கலரை இரண்டு லாட்டாகச் சாயம் போட்டால் ஷேடு ஏன் ஒத்துவருவதில்லை? மெக்கானிக்கல் படித்தவருக்கு இவை வேற்று மொழி அல்ல. நிட்டிங் யூனிட்டிலும் சாயப்பட்டறையிலும் துணி பின்னால் சுருங்காதபடி முன்கூட்டியே நெருக்கிவிடும் காம்பாக்டிங்கிலும் போய் நின்று பாருங்கள், கேளுங்கள். ஒன்று கைவந்த பிறகுதான் அது பிடிக்கிறதா இல்லையா என்பதே தெரியும்.

நிச்சயமின்மை பற்றியும் எழுதியாக வேண்டும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, திருப்பூரே முடிந்தது என்றார்கள். சாயக்கழிவால் நொய்யல் ஆறும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாடு உங்கள் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரியும். அந்த உத்தரவு நியாயமானது. அதன்பின் கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல், வடிகட்டி, மிச்சத்தை ஆவியாக்கி, உப்பைப் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தும் ஆலைகள் இங்கே பெருகின. பம்ப், எவாப்பரேட்டர் என்று மெக்கானிக்கல்காரர்களின் வேலை அதில் ஏராளம். 2005இல் கல்லூரியில் சேர்ந்த ஒரு பையன் இதை எப்படி முன்கூட்டியே திட்டமிட்டிருக்க முடியும்?

பெங்களூரு நண்பர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அவர்களும் யாருக்காவது இப்படிக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

அப்பாவை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மாடு மேய்த்து, வானத்தைப் பார்த்தே காலம் தள்ளிய ஊர் உங்களுடையது. மழை பொய்த்தாலும் முதல் தேதி வந்துவிடுகிற சம்பளத்தைத்தான் அவர் வங்கி வேலை என்கிறார். எழுதுவதென்றால் இரண்டு தடவை முழு மனதோடு படித்து எழுதுங்கள். வராவிட்டால் அவரிடம் நேராகச் சொல்லிவிட்டு அந்தப் புத்தகங்களை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மனமில்லாமல் ஐந்து வருடம் எழுதிக்கொண்டே இருப்பவர்கள் நம் ஊரில் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள்.