கம்பெனி செலவில் மாநாடு: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

மருந்துக் கம்பெனிகளின் பணத்தில் மருத்துவ மாநாடுகளுக்குப் போகும் டாக்டர்கள் எழுதும் மருந்து மாறிவிடுகிறது என்று நீங்கள் எழுதியது என்னைப் புண்படுத்தியது. மேற்படிப்பு முடித்து மூன்று வருடம்தான் ஆகிறது. ஸ்பான்சர் இல்லாமல் பெரிய மாநாடு எதற்கும் என்னால் போக முடியாது, அங்கே போனால்தான் புதிதாகக் கற்கவும் முடியும். ஒரு டின்னருக்காக நோயாளிக்குத் தவறான மருந்து எழுதுகிறவன் என்றா என்னை நினைக்கிறீர்கள்? அடுத்த மாநாட்டுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டாக்டர்,

அப்படி நினைக்கவே இல்லை. தவறான மருந்து எழுதுவீர்கள் என்று நான் சொல்லவும் இல்லை. ஏறக்குறைய ஒரே பலன் தரும் நான்கு மருந்துகள் இருக்கும்போது கை எதை எழுதுகிறது, ஏன் எழுதுகிறது என்பதுதான் நான் கேட்டது.

நானும் ஒரு காலத்தில் கம்பெனி செலவில் போயிருக்கிறேன். விமானம், ஓட்டல், மாலையில் விருந்து எல்லாம் அவர்களுடையது. திரும்பி வந்து சில மாதம் கழித்து மருந்தகத்தில் இருந்தவர், "முன்னாடி வேறதானே டாக்டர் எழுதுவீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். அந்தக் கம்பெனி மருந்துக்கு எப்போது மாறினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. புது மருந்தைவிட விலை குறைந்த ஒன்றை அதுவரை எழுதிக்கொண்டிருந்தேன், அந்த விலை வித்தியாசத்தை என் நோயாளிகள் மாதாமாதம் தங்கள் கையிலிருந்து கொடுத்திருக்கிறார்கள். அது இன்றும் உறுத்துகிறது.

இது என் ஒருவனின் பலவீனம் என்றால் பரவாயில்லை. 1992இல் 'செஸ்ட்' என்ற மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஒரு மருத்துவமனையின் டாக்டர்களை மருந்துக் கம்பெனிகள் சொகுசு விடுதிகளில் நடந்த கருத்தரங்குகளுக்கு முழுச் செலவில் அழைத்துப்போயின. இது எங்களை மாற்றாது என்றுதான் போனவர்களில் பெரும்பாலோர் சொன்னார்கள். அப்புறம் மருத்துவமனையின் மருந்துக் கணக்கைப் பார்த்தால் ஒரு மருந்தின் பயன்பாடு மூன்று மடங்குக்கு மேலும், இன்னொன்றின் பயன்பாடு இரண்டரை மடங்கும் ஏறியிருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அது தெரியவில்லை. 2001இல் வெளியான ஒரு ஆய்வில் பயிற்சி மருத்துவர்களிடம் கேட்டபோது, கம்பெனிகளின் விளம்பரமும் தொடர்பும் தங்களைப் பாதிக்காது என்று 61 சதவீதம் பேர் சொன்னார்கள், மற்ற டாக்டர்களையும் பாதிக்காது என்று நம்பியவர்கள் 16 சதவீதம்தான். சிறிய டின்னர்தானே என்கிறீர்கள். 2016இல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வில், 20 டாலருக்கும் குறைவான ஒரே ஒரு வேளைச் சாப்பாடு பெற்ற டாக்டர்கள்கூட அந்தக் கம்பெனியின் பிராண்டைக் கூடுதலாக எழுதியிருந்தார்கள். சாப்பாடுதான் காரணம் என்று அதை வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது, ஆனால் பலனில்லாத செலவைக் கம்பெனிகள் வருடக்கணக்காகச் செய்துகொண்டிருக்குமா?

சரி, மாநாட்டில்தான் கற்க முடியும் என்று நீங்கள் சொன்னதற்கு வருகிறேன். மாநாட்டில் கற்கிறோம், அது உண்மை. ஆனால் எதைக் கற்கிறோம்? காப்புரிமை இருக்கும் புது மருந்துக்கு மதிய உணவோடு தனி அமர்வு கிடைக்கிறது, பேச்சாளரும் கம்பெனி தேர்ந்தெடுத்தவர். காப்புரிமை முடிந்த பழைய மருந்தைப் பற்றியோ, வயதானவர்களுக்கு ஏழெட்டு மாத்திரையை எப்படி மூன்றாகக் குறைப்பது என்பதைப் பற்றியோ பேச யார் பணம் கொடுப்பார்கள்? அதில் விற்க ஒன்றும் இல்லையே. மேடையில் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, சொல்லாமல் விடுவதே நம் மனதில் இருக்கும் மருத்துவத்தின் வடிவத்தை மாற்றிவிடுகிறது.

கம்பெனிப் பணமே கூடாது என்று நான் சொல்லவில்லை, பணத்தைக் கொடுப்பவரே ஆளையும் தேர்ந்தெடுக்கக்கூடாது என்கிறேன். மருத்துவக் கருவி நிறுவனங்களின் ஐரோப்பியச் சங்கமான மெட்டெக் யூரோப் 2018 தொடக்கத்திலிருந்து, உறுப்பினர் நிறுவனங்கள் தனித்தனி டாக்டர்களுக்கு வெளியார் நடத்தும் மாநாடுகளின் செலவை நேரடியாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. கல்வி நிதியாக அமைப்புக்கோ மருத்துவமனைக்கோ கொடுக்கலாம், யார் போவது என்று அவர்கள் முடிவுசெய்வார்கள்.

உங்கள் வயதில் பதிவுக் கட்டணம் பெரிய தொகைதான், புரிகிறது. இளம் மருத்துவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி அமைப்பாளர்களுக்கு நாலைந்து பேராகச் சேர்ந்து எழுதுங்கள். ஐந்து நட்சத்திர ஓட்டலை விட்டுக் கல்லூரி அரங்கில் நடத்தினாலே செலவு நன்றாகக் குறையும். இந்த முறை முடிந்தால் ஒரு நாளுக்கு மட்டும் உங்கள் பணத்தில் போய்வாருங்கள். அதற்கு முன்னால், யாருடைய பணத்தில் பேசுகிறார் என்று ஒவ்வொரு பேச்சாளர் பெயருக்கும் கீழே நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வந்தால் எனக்கும் தெரியப்படுத்துங்கள்.