விளையாட மனசு வருமா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பேரணாம்பட்டிலிருந்து எழுதுகிறேன். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் வீடு திரும்ப இரவு 7 மணி ஆகிவிடும். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. சின்ன வயதில் நான் தெருவில் ஆடாத ஆட்டம் இல்லை என்று அம்மா சொல்வார். இப்போது பிள்ளைகளோடு உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே கை போனைத் தேடுகிறது. ரிமோட் கார் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் அது மூலைக்குப் போய்விட்டது. மனைவியிடம் சொன்னால், “உங்களுக்காவது விளையாட நேரம் இருக்கே” என்கிறாள். லைனிலும் கொஞ்சம் கலகலப்பாக இருக்க ஆசைதான், மரியாதை போய்விடுமோ என்று பயம். அந்தக் குழந்தை மனசு திரும்ப வருமா? அதற்கு என்ன செய்ய வேண்டும்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மனசு வரட்டும், பிறகு விளையாடலாம் என்று காத்திருக்கிறீர்கள். அப்படிக் காத்திருந்தால் வராது. பகலெல்லாம் டார்கெட், ரீவொர்க் என்று ஓடிய மனசு, வாசலில் செருப்பைக் கழற்றியதும் மாறிவிடுமா? கைக்கு ஒரு வேலை கொடுத்தால் மெல்ல மாறும். குழந்தைகளும் மனசு வந்த பிறகு விளையாடுவதில்லை. ஒரு குச்சி கிடக்கும், எடுப்பார்கள், ஆட்டம் ஆரம்பமாகிவிடும். உங்களுக்கும் தேவை ஓர் ஏற்பாடுதான். பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டும், அதில் நீங்கள் நிஜமாகவே தோற்க வாய்ப்பு இருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். ரிமோட் காரை மகன் ஓட்டுவான், நீங்கள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்கு அதில் வேலையே இல்லை. கை போனைத் தேடத்தான் செய்யும்.

ஆடுபுலி ஆட்டத்தில் தொடங்குங்கள். ஒரு சாக்பீஸ், கொஞ்சம் புளியங்கொட்டை, மூன்று கூழாங்கல் போதும். மொட்டைமாடியிலோ வாசல் சிமெண்ட் தரையிலோ அடிக்கோடு 2 அடி, உயரம் 2 அடி இருக்கும்படி ஒரு முக்கோணம் வரையுங்கள். அடிக்கோட்டை 8 அங்குலம் வீதம் மூன்றாகப் பிரித்து, நடுவில் விழும் இரண்டு புள்ளிகளிலிருந்தும் உச்சிக்குக் கோடு இழுங்கள். இப்போது உச்சியிலிருந்து நான்கு கோடுகள் இறங்கும். உச்சிக்குக் கீழே 8, 13, 18 அங்குலத்தில் மூன்று படுக்கைக் கோடுகள் போடுங்கள். ஒவ்வொன்றும் 2 அடி நீளம். முக்கோணத்துக்கு வெளியே இரு பக்கமும் சமமாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். முனைகளை இரு பக்கமும் நெட்டாகச் சேர்த்தால் ஒரு செவ்வகம் வரும்.

கோடு சந்திக்கும் இடங்களை மகளை எண்ணச் சொல்லுங்கள். உச்சியில் 1, படுக்கைக் கோடுகளில் ஆறு ஆறாக 18, அடிக்கோட்டில் 4, ஆக 23. எண்ணிக்கை உதைத்தால் பெரும்பாலும் செவ்வகம் குறுகியிருக்கும். மூன்றாவது கோட்டுக்கு வரும்போது முக்கோணம் அதைத் தாண்டி வெளியே போயிருக்கும். அவசரமாக வரைந்தால் இந்தத் தப்புத்தான் நேரும். பழைய கோயில் மண்டபங்களில் இதே கட்டத்தைக் கல்தரையில் செதுக்கியிருப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். உளி பிடித்துச் செதுக்கியது பெரியவர்கள்தான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

புலி 3, ஆடு 15. விதிகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புலி உச்சியில், மற்ற இரண்டும் முதல் படுக்கைக் கோட்டின் நடுப்புள்ளிகள் இரண்டில். ஆட்டுக்காரர் தன் முறைக்கு ஓர் ஆடாக வைத்துக்கொண்டே வருவார். பதினைந்தும் இறங்கும்வரை வைத்த ஆட்டை நகர்த்தக் கூடாது. புலி ஒரு முறைக்கு ஒரு புள்ளி நகரலாம். பக்கத்தில் ஆடு இருந்து, அதே நேர்கோட்டில் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால் தாண்டி வெட்டலாம். 5 ஆடு போனால் புலி ஜெயித்தது. மூன்று புலியும் நகர வழியில்லாமல் அடைபட்டால் ஆடு ஜெயித்தது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. செவ்வகத்தின் நான்கு மூலை, அடிக்கோட்டின் இரண்டு முனை ஆகிய ஆறு இடங்களில் வைத்த ஆட்டைப் புலி வெட்டவே முடியாது. எந்தக் கோடும் அந்தப் புள்ளியைக் கடந்து போவதில்லை, தாண்டினால் இறங்க இடம் கிடையாது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். சில ஆட்டங்களில் மகளே கண்டுபிடித்துவிடுவாள். அந்த நிமிஷத்தை அவளிடமிருந்து பறிக்க வேண்டாம். கணக்கு வரும், மூளை வளரும் என்று பாடம் எடுக்கத் தொடங்கினால் அதுவும் இன்னொரு ட்யூஷன் ஆகிவிடும்.

மகனுக்குப் புலியைக் கொடுங்கள். தாண்டி வெட்டுவதில்தான் ஆறு வயதுக்கு ஆனந்தம். ஆட்டை மெதுவாக நகர்த்தி வளைப்பதற்குப் பொறுமை வேண்டும், அது உங்கள் வேலை. வேண்டுமென்றே தோற்காதீர்கள், பிள்ளைகள் கண்டுகொள்வார்கள். அதைவிட வெளிப்படையாக, “அப்பாவுக்கு 13 ஆடுதான்” என்று சொல்லிவிட்டு முழு மூச்சாக ஆடுங்கள். அவன் தொடர்ந்து ஜெயித்தால் ஆட்டை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்டேட்டஸில் போடப் படமெடுக்க வேண்டாம். போன் கைக்கு வந்தால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

ஆட உடம்பில் தெம்பில்லாத இரவில் பாயில் படுத்தபடியே காக்கா வடை கதையைத் தப்பாகச் சொல்லுங்கள். “ஒரு பாட்டி ஆம்பூர் பிரியாணி சுட்டுக்கிட்டு இருந்தாளாம்...” மகன் எழுந்து உட்கார்ந்து திருத்துவான். ஒரு வாக்கியத்துக்கு ஒரு தப்புப் போதும். எல்லாவற்றையும் மாற்றினால் எதைத் திருத்துவது என்று தெரியாமல் விட்டுவிடுவான். அப்பாவைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்ற நிலை அவனுக்கு வேறெங்கே கிடைக்கப்போகிறது?

உங்கள் மனைவி சொன்னதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். என்னைக் கேட்டால் கடிதத்தில் அதுதான் முக்கியமான வரி. வாசலில் மூன்று பேர் சிரிக்கும்போது உள்ளே ஒருவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தால், அந்தச் சிரிப்புக்கு அவர்தான் விலை கொடுக்கிறார். சாப்பிட்டதும் நீங்கள் தேயுங்கள், பிள்ளைகள் துடைத்துக் கவிழ்க்கட்டும், அதன்பின் நால்வரும் உட்காருங்கள். என்ன ஆட்டம் என்பதை அவர் சொல்லட்டும். ஐந்தாங்கல் என்றால் கல் பொறுக்கும் வேலை உங்களுடையது. சின்ன நெல்லிக்காய் அளவு, முனை மழுங்கிய, லேசாகத் தட்டையான கல் வேண்டும். நல்ல உருண்டையாக இருந்தால் வீசியதும் ஓடிவிடும், வாரும்போது கைக்கு அகப்படாது. நீங்கள் திணறுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

இனி லைன். வேகப் போட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். அவசரத்தில் ஊசி விரலில் இறங்கும், தையல் விளிம்பை விட்டு விலகும். தோலில் விழுந்த ஊசித்துளை துணியில் போல மறையாது. பிரித்துத் தைத்தால் பழைய துளை பக்கத்திலேயே தெரியும், அந்த அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், ரிஜெக்ட். அதற்குப் பதில் கணிப்பு ஆட்டம் வையுங்கள். மிஷினில் புது நூல் கோன் மாட்டும்போது, இந்த நூல் எத்தனை ஜோடிக்கு வரும் என்று ஆளுக்கொரு எண் சொல்லட்டும். அட்டைத் துண்டில் குறித்து வைத்து, கோன் தீர்ந்த பிறகு வரும் டீ நேரத்தில் பாருங்கள். கிட்டத்தில் சொன்னவருக்கு முதல் வடை. காசு வைத்தால் சண்டையில் முடியும். அந்த அட்டையை புரொடக்‌ஷன் போர்டு பக்கத்தில் மாட்டாதீர்கள், நாலாம் நாளே அது டார்கெட் ஆகிவிடும்.

மரியாதை போய்விடும் என்ற பயத்துக்கு நம் வட ஆற்காட்டுத் தெருக்கூத்தே பதில். ராஜா திரைக்குப் பின்னால் நின்று பாடி வரும்போது கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் அவரையே குறுக்குக் கேள்வி கேட்பான், ஊர் சிரிக்கும். திரை விலகி அவர் அடவு போட்டு ஆடத் தொடங்கினால் அதே ஊர் வாய் மூடிப் பார்க்கும். ராஜா குறைந்து போவதில்லை. இங்கே கட்டியக்காரனின் கேலி மேலே இருப்பவரை நோக்கிப் போகிறது. நீங்களும் அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். லைனில் உங்களைப் பார்த்து அவர்கள் சிரிக்கலாம். ஹெல்பர் பெண்ணின் நிறத்தையோ பேச்சையோ நீங்கள் கேலி செய்யக் கூடாது, அவரால் உங்களுக்குத் திருப்பிச் சொல்ல முடியாது. உங்கள் கணிப்பையும் அட்டையில் எழுதுங்கள், அது படுதப்பாகப் போகும் நாளில் அவர்களோடு சேர்ந்து சிரியுங்கள்.

ஷிப்மென்ட் வாரத்தில் ஓவர்டைம் முடிந்து வந்து, கண் சொக்கும்போது விளையாட உட்காராதீர்கள். எரிச்சல்தான் மிஞ்சும். “இன்னிக்கு இல்ல, ஞாயித்துக்கிழமை ஆடலாம்” என்று காலையிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மே மாதமென்றால் மாடித் தரை இருட்டிய பிறகும் சுடும். ஒரு வாளி தண்ணீர் தெளித்து, நன்றாகக் காய்ந்த பிறகு கட்டம் போடுங்கள். ஈரத் தரையில் சாக்பீஸ் பிடிக்காது.