கால்பந்தில் பெரிய கிளப்புகளின் ரிசர்வ் அணிகளை, அதாவது இரண்டாம் வரிசை அணிகளை, கீழ் டிவிஷன் லீகில் ஆடவிடலாமா?

கூடாது.

"பெஞ்சில் உட்கார்ந்தே வீணாகிற 19 வயதுப் பையன்களுக்கு நிஜ மேட்ச் கிடைக்குமே, இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நஷ்டப்பட்டவன் எழுதுகிறேன். உங்களுக்குப் பிடித்த பெரிய கிளப் ஒன்றில் வாய்ப்பே கிடைக்காத ஒரு பையன் மேல் உங்களுக்கு அக்கறை, அதனால்தான் இந்தக் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த அக்கறையில் தப்பே இல்லை. ஆனால் அவன் எதிரில் ஆடப்போகிற பதினோரு பேரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கீழ் டிவிஷனில் ஒரு சின்னக் கிளப்புக்கு ஒன்பது சீசன் கோல் கீப்பராக நின்றேன். பகலில் வேலை, இருட்டிய பிறகு பயிற்சி. என் ஏழாவது சீசனில் ஒரு பெரிய கிளப்பின் ரிசர்வ் அணியை எங்கள் லீகில் சேர்த்தார்கள். பெயர் வேண்டாம். முதல் சுற்றில் அவர்களோடு 1-1 டிரா. துடிப்பான பையன்கள், நல்ல ஆட்டம். இவர்கள் வந்தது நல்லதுதான் என்று நானே சொன்னேன்.

சீசன் முடிய மூன்று மேட்ச் இருக்கும்போது மறுபடியும் அவர்களோடு ஆட்டம். கடைசியாக வருகிற அணி இன்னும் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும்; நாங்களும் இன்னொரு கிளப்பும் அந்த இடத்திலிருந்து தப்பிக்கத் திணறிக்கொண்டிருந்தோம். வார்ம்-அப்புக்கு இறங்கிய ஆட்களைப் பார்த்ததும் எங்கள் கேப்டன், "அண்ணே, அந்த ஒன்பதாம் நம்பரைப் பாருங்க" என்றான். அவர்களுடைய மெயின் டீம் ஸ்ட்ரைக்கர். காயத்திலிருந்து தேறி வந்தவருக்கு மேட்ச் ஃபிட்னஸ் வேண்டுமாம். அந்த வாரம் மெயின் டீமுக்கு ஆட்டம் இல்லாததால் மிட்ஃபீல்டர்கள் இரண்டு பேரும் கூடவே வந்திருந்தார்கள். அந்த ஸ்ட்ரைக்கர் அடிக்கிற பந்து வேறு ரகம். நான் கை நீட்டும்போதே வலையில் இருக்கும். 0-5. முடிந்ததும் கை கொடுத்து, "நல்லா பிடிச்சீங்க" என்றார். நல்ல மனிதர், அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அடுத்த வாரம் அதே ரிசர்வ் அணி, எங்களோடு தத்தளித்த அந்தக் கிளப்போடு ஆடியது. மெயின் டீமுக்கு அன்று கோப்பை ஆட்டம். காயக்காரர்கள் போக மிச்சமிருந்த நல்ல ரிசர்வ் ஆட்களையும் பெஞ்சுக்கென்று மேலே இழுத்துக்கொண்டார்கள். இங்கே வந்தது 17 வயதுப் பள்ளிப் பையன்கள். 4-0, ரிசர்வ் அணி தோற்றது. சீசன் முடிவில் அந்தக் கிளப்பும் நாங்களும் ஒரே புள்ளி. கோல் வித்தியாசத்தில் இரண்டு கோல் குறைவு, நாங்கள் இறங்கினோம்.

தோற்றவன் புலம்பல் என்று கீழே எழுத நாலு பேர் வருவீர்கள், தெரியும். அந்த சீசனில் மற்ற அணிகளிடமும் நிறையத் தோற்றோம். அதற்கெல்லாம் நாங்கள்தான் பொறுப்பு, எங்கேயும் மறைத்ததில்லை. நான் சொல்வது ஒன்றுதான். ஒரே சீசனில், ஒரே ஜெர்சியில், இரண்டு வாரத்துக்குள் இரண்டு வேறு அணிகள் ஆடின. எந்த வாரம் எது வரும் என்பதை எங்கள் லீகுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கோச் வேறெங்கோ உட்கார்ந்து முடிவு செய்தார். அவர் ஒரு விதியையும் மீறவில்லை. விதியே அப்படித்தான் இருந்தது.

ஸ்பெயினைப் பார் என்பீர்கள். பார்த்திருக்கிறேன். 2007-08-ல் குவார்டியோலா பயிற்சி கொடுத்த பார்சிலோனா பி அணி (ரிசர்வ் அணியைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள்) நான்காம் நிலை லீகில் ஆடியது. அதிலிருந்த புஸ்கெட்ஸும் பெத்ரோவும் 2010 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில் முதல் பதினொன்றில் இறங்கினார்கள். பையன்கள் வளர்வார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதே ஸ்பெயினில் தாய் கிளப் இருக்கிற டிவிஷனில் பி அணி இருக்க முடியாது. 1983-84-ல் ரியல் மாட்ரிட்டின் பி அணியான காஸ்டில்லா இரண்டாம் டிவிஷனை வென்றும் மேலே போக வழியில்லை. 2012-ல் வில்லார்ரியல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியபோது அங்கிருந்த அதன் பி அணியையும் இன்னும் கீழே தள்ளினார்கள். ஜெர்மனியில் 2019-20-ல் மூன்றாம் லீகை வென்றது பயர்ன் மியூனிக்கின் இரண்டாம் அணி. அதுவும் மேலே போகவில்லை. நெதர்லாந்தில் 2017-18-ல் இரண்டாம் நிலை லீகில் அயாக்ஸின் ரிசர்வ் அணியான யோங் அயாக்ஸ் முதலிடம், மேலே போனது இரண்டாவதாக வந்த ஃபோர்டுனா சிட்டார்ட். முதலிடம் பிடித்தாலும் ஏற முடியாத அணி கடைசி வாரங்களில் எதற்காக உயிரைக் கொடுத்து ஆடும்? அந்த வாரங்களில்தானே எங்களைப் போன்றவர்களின் தலையெழுத்து முடிவாகிறது.

இங்கிலாந்தில் 2014-ல் பி அணிகளுக்கு லீகில் இடம் கொடுக்கும் யோசனை வந்தபோது சின்னக் கிளப் ரசிகர்கள் எதிர்த்து நின்றார்கள், யோசனை கைவிடப்பட்டது. 2016-ல் கீழ் டிவிஷன் கிளப்புகளுக்கான கோப்பைப் போட்டியான இ.எஃப்.எல் டிராஃபியில் 21 வயதுக்குட்பட்டோர் அணிகளைச் சேர்த்ததும் பலர் மைதானத்துக்கே போகாமல் புறக்கணித்தார்கள். பொறாமை என்று அதற்குப் பெயர் வைத்தவர்களைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது.

கோபத்தோடு இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஒன்பதாவது சீசனில் ஒரு கார்னரில் விழுந்து எனக்கு முழங்கால் லிகமென்ட் கிழிந்தது. பதிவுக் கட்டணம், ஃபைன், ஜெர்சி நிறம் தப்பானால் அபராதம் என்று ஒவ்வொன்றுக்கும் சரியாகக் கை நீட்டுகிற லீக் நிர்வாகம், ஆடுகிறவனுக்கு ஒரு காப்பீடு எடுத்து வைக்கவில்லை. ஆபரேஷன் செலவு முழுக்க என் சேமிப்பு. இன்றைக்கும் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்குகிறேன்.

சரி, அந்தப் பையன்கள் என்ன செய்வது? லோனில், அதாவது கொஞ்ச காலத்துக்கு ஒரு சின்னக் கிளப்புக்குக் கடனாக அனுப்புங்கள். பெக்காம் 1995-ல் பிரஸ்டனுக்குப் போனார். ஹாரி கேன் 2011-ல் லேட்டன் ஓரியன்டில் ஆடினார். நாங்கள் இறங்கிய அடுத்த சீசனில் அதே பெரிய கிளப்பிலிருந்து 18 வயது லெஃப்ட் பேக் ஒருவன் எங்களிடம் லோனில் வந்தான். இரண்டாவது மேட்சில் அவன் விட்ட ஆளால் கோல் வாங்கித் தோற்றோம். டிரெஸ்ஸிங் ரூமில் யாரும் அவனைத் திட்டவில்லை, யாரும் பேசவும் இல்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அண்ணே, அங்க தோத்தா கோச் வீடியோ போட்டுத் தப்பைக் காட்டுவாரு. இங்க எல்லாரும் ஏன்ணே இப்படி இருக்காங்க?" என்றான். புள்ளிப் பட்டியலை எடுத்து எங்கள் இடத்தைக் காட்டினேன். அதற்கப்புறம் அந்த சீசன் முழுக்க அவனைத் தாண்டி எதிரணி ஆள் யாரும் சுலபமாகப் போகவில்லை.